பழங்கல்லும் புதுப்பணியும்: புதுக்கோட்டை நாட்டுத் திருக்கோயில்கள்

திருச்சிற்றம்பலம்

(திருக்குட நன்னீராட்டுப் பெருவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



புதிதாக ஒரு கோயில் எடுப்பதினும், பழுதுற்ற பழங்கோயிலைப் புதுக்குதல் பன்மடங்கு புண்ணியம் தருவது என்று பெரியோர் வழிவழியாகக் கூறி வருவர். இத்திருக்கோயிலின் திருப்பணிக்குப் பொன்னும் பொருளும் மெய்யுழைப்பும் வழங்கிய அன்பர் பலர் இன்று யாகசாலையின் முன்னே கூடியிருக்கின்றனர். இத்தகைய அவையிலே, முன்னாளில் திருப்பணி செய்தோர் எவ்வாறு செய்தனர், பின்வந்தோர் அதனை எவ்வாறு காத்தனர், எவ்வாறு கெடுத்தனர் என்பவற்றைக் கண்ணாற் கண்டு அறியத்தக்க ஒரு நாட்டைப் பற்றிப் பேசுதல் பொருத்தமுடையதாகும். அந்நாடு புதுக்கோட்டை.

புதுக்கோட்டைச் சீமை காவிரியின் கொழிப்பைக் காணாதது. செம்மண்ணும் சரளையும், இடையிடையே வெறும் பாறையாய் எழுந்த குன்றுகளும், மழையை நம்பிய கண்மாய்களுமே அதன் செல்வம். வெள்ளாறு என்று ஓர் ஆறு உண்டு. அதில் வெள்ளம் காணும் நாள் ஆண்டிற்குச் சிலவே. அவ்வாறே சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லை என்பது பழைய வழக்கு. இரு பேரரசுகளும் மோதிய எல்லை நிலத்தில் வறுமை மிகும் என்று எண்ணத் தோன்றும். ஆயினும் இங்கே காணப்படும் குடைவரைகளும் கற்றளிகளும் வளமிக்க நாடுகளுக்கும் எளிதில் வாய்க்காதவை. பாறை நிறைந்த நாட்டான், பாறையையே தன் பெருமானுக்கு வீடாக்கினான். தொண்டைமான்கள் ஆண்ட இந்தச் சமத்தானம் 1948-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3-ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாகிப் பின்னர் 1974-இல் தனி மாவட்டமாயிற்று.

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் பெருவழியில் விராலிமலையைக் கடந்தால் கொடும்பாளூர் வரும். விராலிமலை முருகனையும், அருணகிரியார் அவனைப் பாடியதையும், அங்குத் திரியும் மயில்களையும் அறியாதார் இலர். ஆதலின் அதனை விடுத்துக் கொடும்பாளூரிலேயே நிற்றல் தகும். பேருந்தில் விரைவோர் கண்ணுக்கு அது ஒரு சிற்றூர். பழந்தமிழ் கற்றோர்க்கோ அது ஒரு பெருவழிச் சந்தி. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு உறையூரிலிருந்து மதுரைக்கு நடந்தபோது, எதிர்ப்பட்ட மாங்காட்டு மறையவன் அவர்க்கு வழி கூறுகின்றான். கொடும்பை நெடுங்குளத்தின் கரையிலே பாதை மூன்றாகப் பிரியும் என்கின்றான். அதற்கு அவன் கூறும் உவமை பிறைசூடிய பெருமானின் கையிலுள்ள முத்தலைச் சூலம். சமணச் சார்புடையது என்று பலரும் கருதும் காப்பியத்திலே, ஊர்வழி காட்டும் இடத்திலே, சிவபெருமானின் சூலம் உவமையாக வந்து நிற்பது கொடும்பாளூரின் சிறப்பன்றோ!

அக்கொடும்பாளூரிலிருந்து ஆண்ட வேளிர் குலத்தில் தோன்றியவர் இடங்கழி நாயனார். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் வைத்துப் போற்றிய அடியவர். அவர் வரலாறு சிறிது. ஆயினும் பொருளுடையோர் பலமுறை எண்ணத்தக்கது. நாள்தோறும் அடியார்க்கு அமுதூட்டி வந்த ஒருவர், கைப்பொருள் அற்று, ஒரு நாள் அமுது படைக்க நெல் இன்றி, நள்ளிரவில் அரசனின் பண்டாரத்துக் கொட்டகாரத்தில் புகுந்து நெல்லைக் கவர்ந்தார். காவலர் பிடித்து மன்னன்முன் நிறுத்தினர். ஏன் கவர்ந்தாய் என்று வேந்தர் வினவ, அடியார்க்கு அமுதூட்டுதல் முட்டியதனால் கவர்ந்தேன் என்று அவர் விடை கூறினார். தண்டிக்க வேண்டிய அரசர் உள்ளம் உருகி, 'எனக்குப் பண்டாரம் இவரன்றோ' என்னும் கருத்தினராய், நெற்பண்டாரம் மட்டுமன்றிக் குறைவில்லா நிதிப்பண்டாரம் முழுவதையும் சிவனடியார் கொள்ளையாக முகந்துகொள்க என்று பறையறைவித்தார்.

இதனைக் கேட்டவுடன், அரசு நடத்துவோர் இவ்வாறு செய்தால் நாடு என்னாகும் என்று வினவுவோரும் உளர். வினா நியாயமானதே. ஆயினும் இடங்கழியார் திறந்துவிட்டது தம் பண்டாரத்தை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாறு வழங்கிய அம்மன்னர் தம் பெயரை எந்த நெற்குதிரின் மீதும் எழுதிவைக்கவில்லை. அவர் பெயரைக் காத்தவர்கள் ஆரூரில் அமர்ந்து பாடிய வன்தொண்டரும், பின்னர் விரித்துரைத்த சேக்கிழார் பெருமானுமே ஆவர்.

அக்குலத்தில் பின்வந்த பூதி விக்கிரமகேசரி எடுப்பித்ததே கொடும்பாளூர் மூவர் கோயில். தன் பெயராலும், தேவியராகிய கற்றளி, வரகுணை என்னும் இருவர் பெயராலும் மூன்று விமானங்களை அவன் எடுத்தான் என்பது நடுக்கோயிலின் சுவரிலுள்ள கிரந்தக் கல்வெட்டால் விளங்கும். அக்கல்வெட்டே அவனுடைய முன்னோரை வரிசைப்படுத்தி, அவர்கள் பொருத களங்களையும் கூறுகின்றது. மேற்கு நோக்கி ஒரே வரிசையில் நின்ற மூன்றனுள் இரண்டே இன்று நிற்கின்றன. வடகோயிலின் அடித்தளம் மட்டும் தெரிகின்றது. சுற்றிலும் இருந்த சிறு கோயில்களும் தரைமட்டமாய்க் கிடக்கின்றன. நின்றவற்றின் அழகையோ சொல்லி முடியாது. அளவிற் பெரியன அல்ல. அளவோடு நிற்றலே அவற்றின் அழகு. சுவரில் மிகைச் செதுக்கல் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டிய திருமேனி, அதனைச் சுற்றிக் கண்ணுக்கு ஓய்வு தரும் வெற்றுக்கல், அவ்வளவே.

மன்னன் கோயில் எடுத்ததோடு நின்றானில்லை. மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் துறவிக்குப் பெரியதொரு மடத்தையும் பதினொரு ஊர்களையும் வழங்கினான். அதனால் நாள்தோறும் ஐம்பது தவசியர் உண்ண வேண்டும் என்பது ஏற்பாடு. கல்லைக் கட்டி முடித்தவுடன் கடமை முடிந்தது என்று அவன் எண்ணவில்லை; அங்கே விளக்கெரியவும், கற்றோர் இருக்கவும், அவர்கள் பசியாதிருக்கவும் வழிசெய்தான். திருக்குட நன்னீராட்டு முடிந்து மண்டலாபிடேகமும் நிறைந்தபின் நாட்பூசைக்கு நெய்யில்லாத கோயில்கள் தமிழ்நாட்டில் எத்தனை என்பதை அன்பர்கள் அறிவர். அம்மடம் இன்றில்லை; ஐம்பதின்மர் உண்ட கூடமும் இல்லை. அருகிலுள்ள முசுகுந்தேசுவரர் கோயிலில் மட்டும் வழிபாடு நிகழ்கின்றது.

கொடும்பாளூரை விட்டுக் கிழக்கே நார்த்தாமலைக்குச் செல்லுதல் வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் வழியில் ஏறத்தாழ 17 கிலோமீட்டரில் உள்ளது. நார்த்தை மரத்தால் வந்த பெயரன்று. நகரத்தார் மலை என்பதன் சிதைவு. வணிகர் குழு சிறந்திருந்த இடம். பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு வரும் பல்லாயிரவருள் மேலமலையின் சரிவில் ஏறுவோர் மிகச் சிலர். பாறைமேல் ஏறிச் செல்லும் பாதையில் படிகள் கூடச் சரிவர இல்லை. வெயிலுக்கு முன்னர் ஏறுதல் நலம்.

அங்கே வெறும் பாறையின் மீது மேற்கு நோக்கி நிற்பது விசயாலய சோழீச்சுரம். வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறையோ வட்டம். மேலே உருண்ட சிகரம். சுற்றிலும் சிறு கோயில்கள். எதிரே, மலையின் அடியில், இரண்டு குடைவரைகள். அவற்றுள் ஒன்று பழியிலி ஈச்சுரம். நிருபதுங்க பல்லவனின் 7-ஆம் ஆட்சியாண்டில், விடேல்விடுகு முத்தரையன் மகன் சாத்தன் பழியிலி என்பவன் குடைவித்தது. அவன் மகள் அதற்கு முன்மண்டபம் முதலியன செய்தாள். பழியிலி என்று ஒருவனுக்குப் பெயரிட்ட காலத்தை நினைத்தால் வியப்புண்டாகிறது. மற்றொன்றனுள் ஏறத்தாழ ஆளுயரமுள்ள திருமால் உருவங்கள் பன்னிரண்டு வரிசையாகச் சுவரில் புடைத்து நிற்கின்றன. ஊரார் அதனைச் சமணர் குடகு என்பர். முன்பு சமணர் இருந்த இடம் பின்பு விண்ணகரமாயிற்று. ஒரே பாறையில் மூன்று சமயத்தாரின் சுவடு.

சோழீச்சுரத்தின் வாயிற்காவலர் சிற்பத்தின் அடியில் மிகச் சிறிய கல்வெட்டொன்று உள்ளது. குனிந்து பார்த்தாலன்றித் தெரியாது. வந்தோரில் நூற்றுக்கு ஒருவரும் அதனைக் காண்பதில்லை. திருப்பணி செய்யும் ஒவ்வொருவரும் காண வேண்டிய எழுத்து அதுவே. அதன் பொருள் இது: சாத்தன் பூதியாகிய இளங்கோவதியரையன் எடுப்பித்த கற்றளி, மழையினால் இடிந்து அழிய, அதனை மல்லன் விடுமனாகிய தென்னவன் தமிழதியரையன் புதுக்கினான்.

அன்பர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அழிந்தது பழைய கோயில். செலவிட்டவன் மல்லன் விடுமன். பழையவன் பெயரைக் கூறாமல் விட்டிருந்தால் அவனை யார் கேட்டிருப்பர்? கல்லில் இடமும் மிகுதியாக இல்லை. அத்தகைய சிறிய இடத்திலும் முதற்கண் எடுப்பித்தவன் பெயரை முன்னே வைத்துத் தன் பெயரைப் பின்னே வைத்தான். கெட்டதற்குக் காரணம் மழை என்றும் எழுதினான்; எடுத்தவன் குறையென்று எழுதவில்லை. இன்று சோழன் பெயரால் வழங்கும் அக்கோயிலை முதலில் எடுத்தவன் ஒரு முத்தரையர் குலத்தலைவன் என்பது உலகுக்குத் தெரிவது மல்லன் விடுமனின் நேர்மையால்தான்.

இது ஒருவன் பண்பு மட்டுமன்று, அக்காலத்து மரபு. தஞ்சை நாட்டுத் திருக்கோடிகாவில், கண்டராதித்த சோழரின் தேவியாகிய செம்பியன் மாதேவியார் பழங்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, முன்பிருந்த கற்களில் இருந்த சாசனங்களை எல்லாம் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். இது பழங்கல்லின் படி என்னும் குறிப்போடு அவை இன்றும் நிற்கின்றன. அவற்றுள் மாற்றரசர் காலத்து ஆவணங்களும் உண்டு. பல்லவன் காலத்தில் எவனோ ஒருவன் ஒரு நந்தாவிளக்குக்கு வைத்த பொன், சோழப் பேரரசியின் திருப்பணியால் மறைந்துவிடலாகாது என்று அவ்வம்மையார் கருதினார். அவர் செய்த திருப்பணிகளுள் பொன்னாலும் வெள்ளியாலும் செய்தவை பல போயின. இந்தப் படியெடுத்த எழுத்துகள் போகவில்லை.

இனி, மேற்கே குடுமியான்மலை. பழம்பெயர் திருநலக்குன்றம். இறைவன் சிகாநாதர். அரசனுக்குக் கொடுத்த பூச்சரத்தில் மயிர் இருந்ததற்குக் குருக்கள் அஞ்சி, இறைவனுக்குக் குடுமி உண்டு என்று கூறிவிட, அடியவன் சொல்லைக் காக்க இறைவன் இலிங்கத் திருமேனியில் குடுமி காட்டினான் என்பது தலவரலாறு. பேரவையில் உண்மை கூறாத குருக்களையும் கைவிடாத அப்பெருங்கருணை ஒருபுறமிருக்க, இக்கோயிலின் கல்வெட்டுகள் நூற்றுக்கு மேற்பட்டவை. தேவரடியார் ஒருவர் தம் பொருள் கொண்டு அம்மைக்குக் கோயில் எடுப்பித்த செய்தியும் அவற்றுள் உண்டு. குன்றின் உச்சியில், விடைமேல் அம்மையோடு எழுந்தருளும் இறைவனை நடுவே வைத்து, அறுபத்துமூவர் வரிசையாகப் பாறையில் செதுக்கப்பெற்றுள்ளனர். வெயிலும் மழையும் பட்டு நிற்கும் அத்திருவுருவங்கள் மலையடியில் நிற்போர்க்குச் சிறு கோடாகவே தெரியும்.

குடுமியான்மலையின் பெருஞ்செல்வம் மேலைக்கோயில் என்னும் குடைவரையின் அருகே, பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டு. 1904-ஆம் ஆண்டில் கல்வெட்டுத் துறையினர் அதனைப் படியெடுத்தனர். கிரந்த எழுத்தில், 38 வரிகளில், ஏழு கிராம இராகங்களுக்குரிய சுரக் கோவைகள் ஏழு பிரிவாக நான்கு நான்கு சுரமாய் வகுத்துப் பொறிக்கப்பெற்றுள்ளன. உருத்திராசாரியரின் மாணாக்கனும் பரம மாகேசுவரனுமாகிய ஓர் அரசன், மாணாக்கர் பயிலும்பொருட்டு அதனைச் செய்தான் என்று அக்கல்வெட்டே கூறும். மகேந்திரவர்மனே அவ்வரசன் என்று முன்பு பலர் எழுதினர். கல்வெட்டில் அரசன் பெயர் இல்லாமையால் பிற்காலத்து ஆய்வாளர் பலர் அதனை ஏற்றிலர். அவன் யாவனாயினும் ஆகுக. சிவபெருமான் சந்நிதியின் பக்கலில் பாடம் எழுதி வைத்தான். தன் பெயரை எழுத மறந்தான். அல்லது மறவாமலே விட்டான் போலும்! தமிழ்நாட்டுப் பழம்பெரும் இசைச் சாசனங்களுள் ஒன்று அது.

அவ்விசைக் கல்வெட்டுக்கு உடன்பிறப்பு ஒன்று திருமெய்யத்தில் இருந்தது. இருந்தது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

திருமெய்யம் புதுக்கோட்டைக்குத் தெற்கே காரைக்குடி செல்லும் வழியில் உள்ளது. சேதுபதி மன்னர் 1687-இல் எடுத்த கோட்டையைக் காணவும் பலர் வருவர். விடுதலைப் போராட்டத்தின் நாவரசர் சத்தியமூர்த்தி பிறந்த ஊரும் அதுவே. குன்றின் தென்சரிவில் சத்தியகிரீசுவரர் குடைவரையும், மங்கையாழ்வார் பாடிய சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் பக்கத்துப் பக்கத்தே உள்ளன. பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாளின் பேருருவம் காண்போரை அசையாமல் நிறுத்துவது. இவ்விரு கோயிலாரும் ஒரு காலத்தில் நிலத்தின் வருவாய் பற்றி வழக்கிட்டனர். வழக்கு நெடுநாள் நீண்டது. 1245-ஆம் ஆண்டில், போசள மன்னனின் தண்டநாயகனாகிய அப்பண்ணன் முன்னிலையில் நாட்டார் முதலியோர் கூடிப் பேசி வருவாயைப் பங்கிட்டுத் தீர்த்து வைத்தனர். இருதிறத்தாரும் ஒத்துக்கொண்ட நல்ல தீர்ப்பு. நல்ல தீர்ப்பைக் கல்லில் எழுதுதலும் நன்றே.

ஆனால் எங்கே எழுதினர்? சிவன் குடைவரையின் சுவரில் முன்னோர் பொறித்த இசைக் கல்வெட்டைச் செதுக்கித் தள்ளிவிட்டு, அவ்விடத்தில் எழுதினர். இன்று அந்தப் பழைய எழுத்தில் எஞ்சியிருப்பன பரிவாதினி என்பது போன்ற சில சொற்களே. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு நின்ற பாடம், நிலவழக்கின் தீர்ப்புக்கு இடம்விட்டது. குன்றிலே வேறு பாறை இல்லாமல் இல்லை. செதுக்கியவர்கள் பகைவரும் அல்லர். மாற்றுச் சமயத்தாரும் அல்லர். கோயிலுக்கு நன்மை செய்ய வந்தவர்களே. பழைய எழுத்து அவர்களால் படிக்க முடியாததாய் இருந்திருக்கலாம். படிக்க முடியாதது பயனற்றது என்று எண்ணினர் போலும்.

இதனை எடுத்துரைப்பது பதின்மூன்றாம் நூற்றாண்டினரைப் பழிப்பதற்கன்று. அவர்கள் ஒரு சுவரில் செய்ததை இந்நாளிலே ஊர்தோறும் செய்கின்றனர். அதனாலேயே கூற வேண்டியுளது. கருங்கற் சுவரில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவதற்கு மணலை விசையோடு வீசும் பொறியைக் கொண்டு வருகின்றனர். ஒரு பகற்பொழுதில் சுவர் வெண்மையாகிப் பளிச்சிடும், கண்டோர் மகிழ்வர். ஆனால் எழுத்தின் விளிம்பும் சிற்பத்தின் மூக்கும் நகையும் அந்த மணலோடு உதிர்ந்து போகும். அதற்குமேல் நிறவண்ணம் பூசுவோர் உளர். பழைய கற்றளத்தைப் பெயர்த்துவிட்டு வழவழப்பான தளக்கல் பதிப்போர் உளர்; பெயர்த்த கல்லில் இருந்த எழுத்து கவிழ்ந்து, படியாகவோ, வேலியோரத்து மேடையாகவோ ஆகிவிடும். அடித்தளத்தைச் சூழத் தரையை உயர்த்தி, அதிட்டானத்து எழுத்தை மண்ணுக்குள் புதைப்பதும் உண்டு. இவை யாவும் பத்தியினால் நிகழ்வன. பத்தியினால் நிகழ்வதனாலேயே தடுக்கவும் இயலாமற் போகின்றன. அன்னதானக் கூடத்து விளக்கின் மீது ஒளி வெளிப்படாதபடி பெயரெழுதுதல் சிறுகுறை, துடைத்தால் போய்விடும். நந்தாவிளக்குக்குத் தொண்ணூறு ஆடு வைத்த ஓர் இடையனின் பெயரை மணல் தின்றபின் மீண்டும் எழுத ஒருவராலும் இயலாது.

திருப்பணி தொடங்குமுன் கல்வெட்டறிந்தார் ஒருவரை அழைத்துச் சுவர் முழுவதையும் படியெடுத்தல், தூய்மை செய்வதற்கு மென்மையான முறைகளையே கைக்கொள்ளுதல், பெயர்க்க வேண்டிய கல்லுக்கு எண்ணிட்டு எழுத்து வெளியே தெரியுமாறு மீண்டும் அடுக்குதல் ஆகியன பெருஞ்செலவு உடையன அல்ல. ஒரு கோபுரக் கலசத்தின் விலையில் அடங்கும். புதுக்கோட்டைச் சமத்தானத்தார் 1929-ஆம் ஆண்டிலேயே தம் நாட்டுக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றின் பாடங்களைத் தொகுத்து நூலாக அச்சிட்டனர். சிறிய சமத்தானம், ஆயினும் செய்த பணி பெரிது. சுவரில் அழிந்தாலும் ஏட்டில் நிற்குமாறு செய்தனர்.

சித்தன்னவாசலைப் பற்றிச் சில சொற்கள் கூறாது செல்லலாகாது. அது சமணர் இடமாயிற்றே, சைவர்க்கு அங்கு என்ன வேலை என்று கேட்போர் உண்டு. கல்லில் தவம் செய்தோர் எச்சமயத்தாராயினும் காணத்தக்கவரே. மலையின் மேலே ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகையில் வழவழப்பாக்கிய கற்படுக்கைகள் பதினேழு உள்ளன. அவற்றுள் ஒன்றன் ஓரத்தில், கிறித்துவுக்கு முற்பட்டதெனக் கருதப்படும் தமிழ்ப் பிராமி எழுத்து. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த துறவியொருவர்க்குச் சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை என்பது அதன் பொருள். தொலைநாட்டிலிருந்து வந்த தவசிக்கு உள்நாட்டார் அளித்தது ஒரு கற்படுக்கை. அதற்கு ஒரு வரிச் சாசனம். மலையடிக் குடைவரையாகிய அறிவர் கோயிலில், விதானத்திலே தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பெற்றுள்ளது. மீனும் அன்னமும் எருமையும் யானையும், மலர் பறிப்போர் மூவரும் அதில் உள்ளனர். பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அகமண்டபத்தைப் புதுக்கி, முகமண்டபம் எடுத்தான் என்பதும் அங்கே பாட்டாகப் பொறிக்கப்பெற்றுள்ளது. ஓவியத்தின் பெரும்பகுதி மங்கிவிட்டது. இத்தகைய இடங்களுக்கு வருவோர் கரித்துண்டாலும் ஆணியாலும் தம் பெயரைக் கீறிச் செல்லும் இழிவழக்கம் இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் முன்னமே சொல்லி அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

குன்றாண்டார் கோயில், மலையடிப்பட்டி முதலிய குடைவரைகளும் அன்பர் காணத்தக்கனவே. புதுக்கோட்டை நகரை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் குடைவரையாய் அமைந்த கோகர்ணேசுவரர் கோயில் உள்ளது. அங்கு எழுந்தருளிய பிரகதாம்பாள் அந்நாட்டரசர்க்குக் குலதெய்வம். அம்மன் திருவுருவம் பொறித்த சிறு செப்புக்காசை அம்மன் காசு என்று வழங்கினர். அருகே 1910-இல் தொடங்கிய அரும்பொருட் காட்சியகமும் உண்டு. ஒரு நாள் செலவிட்டாலும் போதாது.

நாட்டின் தென்கிழக்கே திருப்பெருந்துறை, இந்நாளில் ஆவுடையார் கோயில். பாண்டியனுக்காகக் குதிரை வாங்கச் சென்ற திருவாதவூரர், குருந்தமர நிழலில் குருநாதனைக் கண்டு மணிவாசகராகிய இடம். அரசன் பொருள் ஆண்டவன் திருப்பணியாயிற்று. திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆளுகையில் உள்ள இத்தலத்தில் கொடிமரம் இல்லை; நந்தி இல்லை; கருவறையில் இலிங்கத் திருமேனியும் இல்லை. ஆவுடையார் என்னும் பீடம் மட்டும் உண்டு. அருவமாகிய ஆன்மநாதரை அங்கே வழிபடுவர். அம்மையும் அவ்வாறே, பலகணி வழியாகத் திருவடிச் சுவட்டைத் தொழுதல் மரபு. ஆனித் திருமஞ்சனத்திலும் மார்கழித் திருவாதிரையிலும் திருவீதி உலா வருபவர் மாணிக்கவாசகரே. அடியவரை முன்விட்டுத் தாம் பின்னிற்கும் பெருமானின் தலம் அது.

உள்ளே இறைவனுக்கு உருவம் இல்லை. வெளியே சிற்பிகளின் கைத்திறனுக்கோ எல்லை இல்லை. கருங்கல்லை மரச்சட்டம் போலவும், கம்பி போலவும், ஆணி அடித்தது போலவும் இழைத்த கொடுங்கைகளைக் கண்டு, இது மரமோ கல்லோ என்று ஐயுற்ற வெள்ளைக்காரன் ஒருவன் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தான் என்றும், அதனால் உண்டான துளை இதுவென்றும் ஊரார் காட்டுவர். கதை எவ்வாறாயினும் துளை உண்டு. முற்காலத்தில் தச்சர்கள் ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார் கோயில் கொடுங்கை நீங்கலாக மற்றெந்த வேலையும் செய்து தருவதாக எழுதுவர் என்னும் வழக்கும் உண்டு. அவ்வளவு செய்த சிற்பியின் பெயரைத் தேடினால் அங்கே அகப்படாது.

நிவேதனமும் வேறுவகை. புழுங்கலரிசியை வடித்து, ஆவி பறக்கும் சோற்றைக் கருவறையின் முன்னுள்ள படைகல்லில் கொட்டுவர். கீரையும் பாகற்காயும் உடன் வைப்பர். உருவமில்லாப் பெருமானுக்கு ஆவியே அமுது. காலைப் பூசைக்குச் செல்வோர், சோறு கொட்டும் பொழுதில் முன்மண்டபத்தில் நிற்கும்படி நேரம் அறிந்து செல்லுதல் நலம். புதுக்கோட்டையிலிருந்தும் அறந்தாங்கியிலிருந்தும் பேருந்துகள் உண்டு.